ஆறப் பொறுத்தல்: தீவகத்தாரின் வான்வழியும் சூடாறாப் பொறியின் வரலாறும்

தீவுகளில் வாழும் மக்களுக்குப் பயணம் என்பது ஒரே நெடுவழியன்று. ஒன்றோடொன்று முடிச்சிட்ட பல சிறுவழிகளின் தொடராகும். நெடுந்தீவிலிருந்து கொழும்புக்கோ தமிழகத்துக்கோ செல்லப் புறப்படுவோர் முதலில் ஏறத்தாழ ஒரு மணிநேரம் கடலிற் சென்று குறிகட்டுவான் துறையை அடைதல் வேண்டும். நயினாதீவு மக்களுக்கு அக்கடல்வழி மிகக் குறுகியது. பின்னர் புங்குடுதீவு, வேலணை, மண்கும்பான், அல்லைப்பிட்டி எனத் தரைவழி நீண்டு, பண்ணைத் தாம்போதியைக் கடந்து யாழ்ப்பாண நகரைச் சேரும். ஊர்காவற்றுறை மக்களும் தரைவழியாக வந்து இவ்வழியிற் கலப்பர். அன்றேல் ஒடுங்கிய நீர்ப்பரப்பைக் கடந்து காரைநகர் வழியே செல்வர். நகருக்கு வடக்கே பத்து மைலளவிற் பலாலி விமான நிலையம் அமைந்துள்ளது. இத்தொடரின் எந்தக் கண்ணி அறுந்தாலும் முழுப் பயணமும் நின்றுவிடும். கடலின் கொந்தளிப்பையும் பேருந்தின் தாமதத்தையும் தீவகத்தார் நன்கறிவர். ஆனால், இறுதிக் கண்ணியாகிய விமானம் தரையில் ஏன் சில வேளைகளிற் காத்துநிற்க வேண்டும், அக்காத்திருப்பினாற் காக்கப்படுவது யாது என்பன பலரும் எண்ணிப்பாராத வினாக்களாகும்.

'ஆக்கப் பொறுத்தவர்க்கு ஆறப் பொறுக்க இயலாதா' என்பது தமிழர் வழக்கிலுள்ள பழமொழி. உலையேற்றிச் சோறாகும்வரை பொறுத்திருந்தவர், அது ஆறுமட்டும் பொறாது வாயைச் சுட்டுக்கொள்வதைச் சுட்டி எழுந்தது இது. வான்பொறிகளின் வரலாற்றில் இப்பழமொழிக்கு நேர்ப்பொருளே உண்டு. வாயுச் சுழலியினால் விசிறியைச் சுழற்றும் டர்போபுரொப் பொறியானது, குளிர்ந்த நிலையில் தொடக்கப்படும்போதிலும் பார்க்க, சற்றுமுன் நிறுத்தப்பட்டுச் சூடாறாத நிலையில் மீளத் தொடக்கப்படும்போதே பெரிதும் இடருக்குள்ளாகின்றது. குறுகிய தூரம் பறந்து, சிறிது நேரம் தரித்து, மீண்டும் எழுந்து செல்லும் விமானங்களுக்கே இவ்விடர் அடிக்கடி நேர்வது. கொழும்பிலிருந்து பலாலிக்கு வந்து திரும்பிய விமானங்கள் யாவும் இவ்வகையின. ஆகவே, இப்பொறியைப் பாதுகாப்பாகத் தொடக்கும் முறையின் வரலாறு, ஒருவகையில் யாழ்ப்பாணக் குடாநாட்டினதும் தீவகத்தினதும் வான்வழியின் வரலாறுமாகும்.

டக்கோட்டாவின் காலம்

பலாலி ஓடுபாதை இரண்டாம் உலகப்போர்க் காலத்திற் பிரித்தானிய வேத்தியல் விமானப்படையினரால் அமைக்கப்பட்டது. போர் முடிந்தபின் அது மக்கட் போக்குவரத்துக்குப் பயன்படலாயிற்று. 1947 ஆம் ஆண்டு டிசெம்பர் 10 ஆம் நாள் எயர் சிலோன் நிறுவனத்தின் முதற் பயணிகள் விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, யாழ்ப்பாணத்திற் தரித்து, சென்னையை அடைந்தது. இலங்கையின் தேசிய வான்சேவை தன் முதற் பயணத்திலேயே யாழ்ப்பாணத்தைத் தொட்டுச் சென்றது என்பது நினைவுகொள்ளத்தக்கது. 1956 இல் யாழ்தேவிப் புகையிரதம் ஓடத் தொடங்கிய பின்னரும், பகற்பொழுதின் பெரும்பகுதியை விழுங்கும் அப்பயணத்தை ஒரு மணிநேர அளவிற்குச் சுருக்கித் தந்தது விமானமேயாம்.

அக்காலத்தில் இச்சேவையில் ஈடுபட்டவை டக்கோட்டா எனப்பட்ட டி.சி. 3 விமானங்கள். அவற்றின் இரு பொறிகளும் ஆடுதண்டுப் பொறிகள்; ஒவ்வொன்றிலும் 14 உருளைகள் இரு வளையங்களாகச் சூழ்ந்திருந்தன. வெயிலில் நிற்கும் சூடான ஆடுதண்டுப் பொறியைத் தொடக்குவதும் எளிதன்று. எரிபொருட் குழாய்களினுள்ளே பெற்றோல் ஆவியாகி வழியை அடைத்துக்கொள்ளும். அன்றேல் உருளைகளில் எரிபொருள் மிகுந்து பொறி மூச்சுத் திணறும். விசிறி சுழலும், புகை எழும், மீண்டும் அடங்கும். இவ்விடர்ப்பாட்டின் இயல்பைக் கருதுதல் வேண்டும். சூடான ஆடுதண்டுப் பொறி செய்யும் பிழை பெரும்பாலும் தொடங்க மறுத்தலேயாம். அதனாற் பொழுது வீணாகும், மின்கலம் இளைக்கும், பயணிகள் சலிப்பர். ஆனால் பொறி பெரும்பாலும் அழிவதில்லை. சுழலிப் பொறியின் பிழையோ இதற்கு மறுதலையானது. அது தொடங்க மறுப்பதன்று; அளவுகடந்து தொடங்கிவிடுவது.

சுழலியின் வருகை

பிரித்தானியாவில் விற்றில் அமைத்த ஜெற் பொறியுடன் முதல் விமானம் 1941 ஆம் ஆண்டு மே மாதத்திற் பறந்தது. அதன்பின் ஐந்தாண்டுகளுள்ளே, ஜெற்றின் தாரையினால் நேரே உந்தப்படாது, சுழலியின் வலுவைக்கொண்டு விசிறியைச் சுழற்றும் பொறிகள் உருவாயின. றோல்ஸ் றொய்ஸ் நிறுவனத்தின் டார்ட் என்னும் பொறி 1946 இல் முதன்முதலாக இயக்கப்பட்டது. அதனைத் தாங்கிய வைக்கவுண்ட் விமானம் 1948 ஜூலையிற் பறந்தது; 1950 ஜூலை 29 இல் இலண்டனுக்கும் பாரிசுக்குமிடையே பயணிகளை ஏற்றிச் சென்றது. டர்போபுரொப் விமானமொன்று கட்டணம் செலுத்திய பயணிகளுடன் சென்ற முதல் நாள் அதுவேயாகும்.

டக்கோட்டாவுக்கு மாற்றாக அமையுமாறு பிரித்தானியர் வகுத்த விமானங்களுள் ஒன்று அவ்ரோ 748. அது 1960 ஜூன் 24 இல் முதன்முதலாகப் பறந்தது. உரிமம் பெற்று இந்தியாவின் கான்பூரில் உருவாக்கப்பட்ட முதல் அவ்ரோ 1961 நவம்பரில் வானேறியது. குறுகிய ஓடுபாதைகளிலும், தரைத்துணைக் கருவிகள் மிகுதியாக இல்லாத நிலையங்களிலும் இயங்குதல் வேண்டும் என்பதே அவ்விமானத்தை வகுத்தோரின் நோக்கம். எயர் சிலோன் 1964 இல் இவ்விமானத்தைப் பெற்றது. அதன் இரு டார்ட் பொறிகள் எழுப்பிய கீச்சென்ற நெடுவொலி பலாலியைச் சூழ்ந்த ஊர்களுக்குப் பழக்கமாயிற்று.

டார்ட் பொறியின் அமைப்பு எளியது. முன்புறத்தில் இரு படிகளைக்கொண்ட மையநீக்க அமுக்கி, நடுவில் ஏழு தகனவறைகள், பின்புறத்திற் சுழலி. இவை யாவும் ஒரே தண்டிற் பிணைக்கப்பட்டவை. அத்தண்டே பல்லிணைப்பின் வழியாக விசிறியையும் சுழற்றும். முழு வேகத்தில் தண்டு நிமிடத்துக்கு 15,000 சுற்றுச் சுழலும். விசிறி அதன் பத்திலொரு பங்கிலும் சற்றுக் குறைவாகச் சுழலும். எளிய அமைப்பாயினும் தொடக்கும் வேளையில் இதற்கொரு குறையுண்டு. மின்னால் இயங்கும் தொடக்கி மோட்டார், அமுக்கியையும் சுழலியையும் மட்டுமன்றி, பல்லிணைப்பையும் விசிறியையும் ஒருங்கே சுழற்றுதல் வேண்டும். இச்சுமையைக் குறைத்தற்பொருட்டே, தரையில் நிற்கும்போது விசிறியின் தகடுகள் காற்றை ஏறக்குறைய வெட்டாத கோணத்துக்குத் திருப்பப்பட்டன. அவ்வாறு செய்தும், மின்வலு தளர்ந்திருந்தால் பொறி மெதுவாகவே சுழலும். மெதுவாகச் சுழலும் பொறியில் எரிபொருளை ஊற்றித் தீமூட்டுவதிலேயே இடர் தொடங்குகின்றது.

மிகைவெப்பத் தொடக்கம்

இவ்விடரை விளங்கிக்கொள்வதற்குச் சுழலிப் பொறியின் உள்ளே நிகழ்வதைச் சுருக்கமாக அறிதல் அவசியம். பறக்கும் வேளையில் அமுக்கி உள்ளிழுக்கும் காற்றில் ஒரு சிறுபகுதியே எரிதற்குப் பயன்படுகின்றது. எஞ்சிய பெரும்பகுதி, சுவாலையை உலோகத்திற் படாது சூழ்ந்து காத்து, எரிவாயுவோடு கலந்து அதன் வெப்பத்தைத் தணிக்கின்றது. சுழலித் தகடுகள் உருகாதிருப்பது அவற்றின் உலோகக் கலவையின் உறுதியினால் மட்டுமன்று. இடையறாது பாயும் இக்காற்றினாலுமாகும். ஆகவே, காற்று மிகுந்தும் எரிபொருள் அளவாகவும் இருக்கும்வரை பொறி நலமாக இயங்கும். இவ்விகிதம் தலைகீழாக மாறும் ஆபத்து மிகுந்த வேளை, பொறியைத் தொடக்கும் சில விநாடிகளேயாம்.

விமானம் தரையிறங்கிப் பொறி நிறுத்தப்பட்டதும் காற்றோட்டம் நின்றுவிடுகின்றது; உலோகத்தில் ஏறிய வெப்பம் நிற்பதில்லை. கனத்த சுழலித் தட்டுகளிலும் உறைகளிலும் தங்கிய சூடு மெல்லமெல்ல முன்னோக்கி ஊர்ந்து, ஓடும்போது குளிர்ச்சியாக இருந்த உறுப்புகளையும் சென்றடைகின்றது. இதனால், நிறுத்திய சிறிது நேரத்துக்குப் பின் சில உறுப்புகள் முன்னையிலும் பார்க்கச் சூடேறுகின்றன. எரிபொருள் தெளிக்கும் மூக்குகளில் எஞ்சிய துளிகள் கரியாகப் படிகின்றன. தாங்கிகளில் நிற்கும் எண்ணெயும் கருகக்கூடும். அடுப்பை அணைத்த பின்னரும் சட்டியின் அடி நெடுநேரம் சுடுவது போன்றதே இதுவும்.

இந்நிலையில், இருபது நிமிடமோ அரைமணியோ கழித்துப் பொறியை மீண்டும் தொடக்கினால் நிகழ்வது யாது? உட்புகும் காற்று சூடான உலோகத்தைத் தொட்டு விரிவடைகின்றது. அதனாற் பொறியினூடு செல்லும் காற்றின் திணிவு குறைகின்றது. தெளிக்கப்படும் எரிபொருள் உடனே ஆவியாகி விரைந்து எரிகின்றது. வெப்பமானி சுழியத்தின் அருகிலிருந்து ஏறாது, ஏற்கெனவே நூற்றுக்கணக்கான பாகையிலிருந்து ஏறத் தொடங்குகின்றது. முந்திய தொடக்கத்தின்போது பெருமளவு மின்னை இழந்த மின்கலவடுக்கு இடைப்பட்ட பறப்பில் முழுமையாக நிரம்பாதிருந்தால், தொடக்கியின் வேகமும் குறைகின்றது. காற்றுக் குறைவு, தீ மிகுதி, வேகத் தளர்ச்சி ஆகிய மூன்றும் கூடும்போது சுழலியின் வெப்பம் எல்லை கடந்து பாய்கின்றது. இதனையே மிகைவெப்பத் தொடக்கம் எனலாம்.

இதற்கு வேண்டிய காலம் சில விநாடிகளே. பிற்காலத்துச் சிறு விமானங்களிற் பெருவழக்குப் பெற்ற பி.ரி. 6ஏ–27 பொறியை எடுத்துக்கொண்டால், வானேறும்போது அதன் சுழலியிடை வெப்பத்துக்கு விதிக்கப்பட்ட எல்லை 725 பாகை செல்சியசு. தொடக்கும்போது 1,090 பாகை வரை உயர இடமுண்டு. ஆனால் இரண்டு விநாடிகளுக்கு மட்டுமே. அவ்விரு விநாடிகளைக் கடந்தால் பொறியைக் கழற்றி ஆராய நேரிடலாம். சேதம் எப்பொழுதும் கண்ணுக்குத் தோன்றுவதுமில்லை. தகடுகள் சற்று நீளும். விளிம்பில் மயிரிழையளவு வெடிப்பு உண்டாகும். பொறி அன்று வழக்கம்போல் இயங்கி, பின்னொரு நாளில், நடுவானில், முழு வலுவுடன் சுழலும்போது முறியக்கூடும். ஆகவே தரையில் அவசரப்பட்டவர் ஒருவர். அதன் விலையைச் செலுத்துவோர் வேறொருவர் என்ற நிலையும் நேரலாம். இவ்விடரின் அறச்சிக்கல் இதுவேயாம்.

காத்திருப்பின் நெறி

மேற்கூறிய காரணங்கள் யாவும் பலாலி போன்ற நிலையத்தில் ஒருங்குகூடுதல் இயல்பேயாம். முதலாவது வெப்பம். 15 பாகை வெப்பநிலையுள்ள காற்றோடு ஒப்பிட, 35 பாகையிற் காற்றின் அடர்த்தி நூற்றுக்கு ஆறு பங்குக்கு மேற் குறைந்துவிடும். குளிர்நாட்டிற் பிறந்த பொறி, யாழ்ப்பாணத்து நண்பகலில் மெலிந்த காற்றையே உண்ண வேண்டியதாயிற்று. டார்ட் பொறியில் எரிபொருளின் அளவை வெப்பநிலைக்கேற்பச் செம்மைசெய்யும் ஏற்பாடு விமானியிடம் இருந்தது. வெயில் மிகுந்த நிலையங்களில் வானேறும்போது நீரும் மெதனோலும் கலந்த கலவையைப் பொறியினுட் செலுத்தி இழந்த வலுவை மீட்டனர். ஆயினும் தொடக்கும் வேளையில் இக்கலவை உதவாது. அங்கே துணை செய்வன பொறுமையும் காற்றுமே.

இரண்டாவது காற்று. தரையில் நிற்கும் விமானத்தின் வாற்புறமாக வலுவான காற்று வீசினால், அது வெளிப்போக்குக் குழாயினுள் எதிர்த்துப் புகுந்து, வெளியேற வேண்டிய வெப்பவாயுவைத் தடுத்துநிறுத்தும். அமுக்கியின் வேலையையும் கடினமாக்கும். முகப்புறமாக வீசும் காற்றோ பொறிக்குத் துணையாகும். எனவே, சூடான பொறியைத் தொடக்குமுன் விமானத்தைக் காற்றை நோக்கி நிறுத்துதல் முதல் நெறியாயிற்று. பலாலி ஓடுபாதை வடகிழக்கும் தென்மேற்குமாக அமைந்துள்ளது. மார்கழியில் வீசும் வாடைக்கும், வைகாசி தொடக்கம் வீசும் சோளகத்துக்கும் அது ஒத்துப்போவது. தென்மேற்கு நோக்கி எழும் விமானத்தின் முன்னே யாழ்ப்பாணக் கடல்நீரேரியும் வேலணைப் பகுதியும் விரிந்து கிடக்கும். அங்கே பாய்மரத் தோணிகளில் வாழ்ந்த ஊர்காவற்றுறை, நெடுந்தீவுக் கடலோடிகள் வாடையையும் சோளகத்தையும் அறிந்தே பாய் விரித்தனர்; காற்று எதிராகிய வேளையிற் துறையிலேயே தங்கினர். கடலுக்குரிய அவ்வறிவு புதிய பொறிக்கும் வேண்டப்பட்டது.

மூன்றாவது, தரைத்துணையின் அளவு. பெருநிலையங்களில் வலிய மின்பிறப்பாக்கி வண்டி விமானத்தின் அருகே வந்து நிற்கும்; தொடக்கி முழு வேகத்துடன் சுழலும். அத்தகைய வண்டியில்லாத இடத்தில் விமானம் தன் மின்கலத்தையே நம்ப வேண்டும். மின்கலமோ மீண்டும் மீண்டும் பயன்படுத்தப்படும்போது தானும் சூடேறும். நிக்கல்–கட்மியம் மின்கலங்கள் அவ்வாறு சூடேறிக் கட்டுக்கடங்காது கொதிக்கும் இடரும் சுழலி விமானங்களின் தொடக்ககாலத்திலேயே உணரப்பட்டது. தொடக்கி மோட்டாரும் சில பத்து விநாடிகளுக்கு மேல் தொடர்ந்து இயங்கலாகாது.

இவற்றை எதிர்கொள்ள உலகெங்கும் விமானிகளும் பொறியியலாளரும் படிப்படியாக வகுத்துக்கொண்ட நெறிகள் எளியவை. தரையிறங்கிய பின் பொறியை உடனே நிறுத்தாது, சிறிது நேரம் மந்த வேகத்தில் ஓடவிட்டு வெப்பத்தைச் சமநிலைப்படுத்துதல். நிறுத்திய பின் எஞ்சிய வெப்பத்தை மானியிற் பார்த்தல். அது விதித்த அளவுக்கு மேலாயின் காத்திருத்தல். காத்திருக்க இயலாதாயின் எரிபொருளையும் தீப்பொறியையும் தடுத்துவைத்து, தொடக்கியினால் மட்டும் பொறியைச் சுழற்றிக் குளிர்காற்றை உட்செலுத்துதல். பின்னர் தொடக்கிக்கும் ஓய்வு கொடுத்து, மின்வலுவைச் சரிபார்த்து, பொறி தன்னால் இயன்ற உச்ச வேகத்தை எய்திய பின்னரே எரிபொருளைத் திறத்தல். வெப்பம் எல்லையை நோக்கிப் பாயுமாயின் அக்கணமே எரிபொருளை அடைத்து, தொடக்கியை மட்டும் நிறுத்தாது சுழற்றுதல். இறுதி நெறியிலேயே அனுபவமற்றவர் தவறுவதுண்டு. அச்சத்தால் எல்லாவற்றையும் ஒருங்கே நிறுத்துவார். அதனால் உள்ளே எழுந்த தீயைத் தணிக்கும் காற்றும் நின்றுவிடும்.

வேறு சில பொறிகளில் இன்னொரு முறையும் உண்டு. நிறுத்திய பொறியினுள்ளே வெப்பக்காற்று மேலெழுந்து தங்குவதால், தண்டின் மேற்பக்கம் கீழ்ப்பக்கத்தினும் சூடாகி, தண்டு மிகச் சிறிதளவு வில்லாக வளையும். கரற் நிறுவனத்தின் ரி.பி.ஈ. 331 பொறியைத் தாங்கிய விமானங்களில், தரித்த பின்னர் விசிறியைக் கையாற் பலமுறை சுற்றிவிடுதல் வழக்கம். கான்பூரில் உருவான டோர்னியர் 228 விமானத்தின் பொறியும் இவ்வகையதே. நவீன பொறியொன்றைக் காக்கும் வழி, மனிதர் ஒருவர் அதன் விசிறியைக் கையாற் சுற்றுதலே என்பது எண்ணத்தக்கது.

கொழும்பிலே ஒரு பொறி பழுதுபட்டால் அருகில் மாற்றுப் பொறியும் பட்டறையும் உண்டு. விளிம்பிலுள்ள நிலையத்திற் பழுதுபட்டால், விமானமும் பயணிகளும் அங்கேயே தங்க, பொறியும் ஆட்களும் தலைநகரிலிருந்து வருமட்டும் சேவை நின்றுவிடும். எனவே, மையத்தில் வெறும் செலவாக முடியும் ஒரு பிழை, விளிம்பிலே வழியடைப்பாக மாறுகின்றது. தீவகத்து நோயாளரும் மாணவரும் வணிகரும் நம்பியிருந்த இறுதிக் கண்ணியின் வலிமை, பொறியறையின் மானியைப் பார்த்துப் பொறுத்திருந்தவரின் மனவுறுதியிலே தங்கியிருந்தது எனல் மிகையன்று.

வெப்பத்தின் வேறு முகம்

இவ்வமைதியான நெறி நெடுங்காலம் நீடிக்கவில்லை. 1978 செப்ரெம்பர் 7 இல் எயர் சிலோனின் அவ்ரோ விமானம் இரத்மலானையிற் குண்டு வெடித்து அழிந்தது, உயிர்ச்சேதம் நேரவில்லை. அந்நிறுவனமும் விரைவில் முடிவுற்று, 1979 இல் எயர் லங்கா தோன்றியது. 1983 இன் பின் போர் விரிந்தது. 1990 இல் வடக்குக்கான புகையிரதப் பாதையும் தரைப்பாதையும் அடைபட்டன. குடாநாட்டுக்கும் தீவகத்துக்கும் கடலும் வானும் மட்டுமே எஞ்சின. தரைவழி மூடப்பட்ட அக்காலத்திலே டர்போபுரொப் விமானம் வசதிக்குரிய பொருளாக இருந்த நிலை மாறி, உயிர்வழியாயிற்று.

அதே காலத்திற் பொறியின் வெப்பம் வேறொரு பொருளையும் பெற்றது. தோளிலிருந்து ஏவப்படும் ஏவுகணைகள் பொறியிலிருந்து வெளிப்படும் வெப்பத்தையே நாடிச் செல்வன. 1995 ஏப்பிரல் 28, 29 ஆகிய இரு நாள்களில் அடுத்தடுத்து இலங்கை விமானப்படையின் இரு அவ்ரோ விமானங்கள் பலாலியின் அருகே வீழ்த்தப்பட்டன. 1998 செப்ரெம்பர் 29 இல் பலாலியிலிருந்து கொழும்பு நோக்கி எழுந்த லயன் எயர் நிறுவனத்தின் அன்ரனோவ் 24 விமானம் கடலில் வீழ்ந்து, அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். அதன் சிதைவுகள் பல்லாண்டுகள் கழிந்த பின்னரே இரணைதீவுக்கு அருகே கடலடியிற் கண்டெடுக்கப்பட்டன. அவ்வன்ரனோவ் வகையின் வலப்பக்கப் பொறிக்கூட்டில் ஒரு சிறிய ஜெற் பொறி துணையாக அமைந்திருந்தது. தரைத்துணை இல்லாத நிலையங்களிற் பெரும்பொறிகளைத் தொடக்குதற்கு வேண்டிய மின்வலுவை அதுவே தந்தது. பொறியைப் பாதுகாப்பாகத் தொடக்குதற்கு மனிதர் செய்த நுட்பமான ஏற்பாடு அது. ஆயினும் ஏறிய மக்களைக் காக்க அந்நுட்பம் போதுமானதாகவில்லை. பொறியின் சூட்டுக்குப் பொறுமை மருந்தாகும். போரின் சூட்டுக்கு அம்மருந்து கிட்டவில்லை.

புதிய பொறிகளும் பழைய நெறியும்

போர் 2009 இல் முடிந்தபின் பலாலிக்கு மீண்டும் மக்கட் சேவைகள் வந்தன. விமானப்படையின் ஹெலிரூர்ஸ் சேவை சீனத்து வை–12, எம்.ஏ. 60 ஆகிய விமானங்களை ஈடுபடுத்தியது. இவை இரண்டும் கனடாவின் பிறாட் அன்ட் விற்னி நிறுவனத்துப் பொறிகளைத் தாங்கியவை. இவற்றின் அமைப்பு டார்ட் பொறியினின்றும் அடிப்படையில் வேறானது. விசிறியைச் சுழற்றும் சுழலி தனித் தண்டில் உள்ளது. அமுக்கியோடு அது பிணைக்கப்படவில்லை. ஆகவே தொடக்கி விசிறியின் சுமையைச் சுமப்பதில்லை; குறைந்த மின்வலுவிலும் விரைந்து சுழலும். தொடக்கத்தின் இடர் குறைந்தது, ஆனால் மறையவில்லை. முன்னர்க் கூறிய இரண்டு விநாடி எல்லை இவ்வகைப் பொறிக்கே உரியது.

2019 ஒக்ரோபர் 17 இல் பலாலி யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறந்துவைக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் அலையன்ஸ் எயர் நிறுவனம் சென்னையிலிருந்து ஏ.ரீ.ஆர். 72 விமானத்தின் மூலம் ஒழுங்கான சேவையைத் தொடங்கிற்று. பெருந்தொற்றினால் 2020 மார்ச்சில் நின்ற அச்சேவை 2022 டிசெம்பரில் மீண்டது. இன்டிகோ நிறுவனம் 2024 செப்ரெம்பரிற் சென்னையிலிருந்தும், 2025 மார்ச்சு இறுதியிற் திருச்சிராப்பள்ளியிலிருந்தும் இவ்வகை விமானங்களை அனுப்பத் தொடங்கியது. டக்கோட்டா 1947 இல் வகுத்த சென்னை வழி எழுபத்திரண்டு ஆண்டுகளின் பின் புதியதொரு விசிறி விமானத்தினால் மீட்கப்பட்டமை வரலாற்றின் பொருத்தமாகும்.

ஏ.ரீ.ஆர். விமானத்தை வகுத்தோர், சூடாறாப் பொறியின் சிக்கலுக்கு வேறொரு வகையில் விடை கண்டனர். வலப்பக்கப் பொறியின் விசிறிக்கு ஒரு தடுப்புப் பொருத்தப்பட்டுள்ளது. தரையில் நிற்கும்போது விசிறி அசையாது பிடித்துவைக்கப்படும். பொறியோ தொடர்ந்து ஓடி மின்வலுவும் குளிர்காற்றும் வழங்கும். பயணிகள் இடப்பக்கக் கதவால் இறங்கி ஏறுவர். குறுகிய தரிப்பின்போது அப்பொறியை நிறுத்தவே வேண்டாமாகையால், அதனைச் சூட்டுடன் மீளத் தொடக்கும் இடரும் இல்லை. இடப்பக்கப் பொறியைத் தொடக்கும்போது தளர்ந்த மின்கலத்தை நம்பாது, ஓடும் பொறியின் மின்பிறப்பாக்கியின் துணையைப் பெறலாம். தனித் தண்டுடைய சுழலியாதலாலேயே இவ்வேற்பாடு இயன்றது. டார்ட் பொறியில் விசிறியைப் பிடித்தால் முழுப் பொறியுமே நின்றுவிடும்.

ஆயினும் இப்புதிய ஏற்பாட்டுக்கும் எல்லையுண்டு. வாற்புறமாக வீசும் காற்று விதித்த அளவைக் கடக்குமாயின் பொறியை இவ்வாறு ஓடவிடலாகாது. அறுபது ஆண்டுகளில் உலோகம் மாறியது, தண்டுகளின் எண்ணிக்கை மாறியது, மானிகள் மின்திரைகளாயின. காற்றின் திசையை நோக்க வேண்டும் என்னும் நெறி மாறவில்லை. சோளகத்தையும் வாடையையும் பார்த்துத் துறைவிட்ட தீவகத்துக் கடலோடியும், வாற்காற்றின் அளவைப் பார்த்துப் பொறியைத் தொடக்கும் விமானியும் இவ்விடத்தில் ஒரே பாடத்தையே கற்றவராவர்.

தொழில்நுட்ப வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் முதன்முதற் பறந்த நாள்களையும் உச்ச வேகங்களையும் பதிவுசெய்வர். சேவையொன்று நாள்தோறும் தவறாது நிகழ்வதற்கு அடிப்படையான சிறு ஒழுக்கங்கள் அவர்தம் ஏடுகளில் இடம்பெறுவது அரிது. எதுவும் நிகழாமையே அவ்வொழுக்கங்களின் வெற்றியாதலால், அவற்றுக்குச் சான்றாகக் காட்டத்தக்க நிகழ்ச்சி ஏதும் எஞ்சுவதில்லை. விமானம் பத்து நிமிடம் பிந்தியது, பயணிகள் முணுமுணுத்தனர், பின்னர் அது எழுந்து சென்றது. வரலாற்றில் எஞ்சுவது இவ்வளவே. ஆனால் அப்பத்து நிமிடத்தில் ஒரு சுழலி எரியாது காக்கப்பட்டிருக்கலாம். பின்னொரு நாளில் நடுவானில் நேரவிருந்த முறிவு தவிர்க்கப்பட்டிருக்கலாம்.

நெடுந்தீவிலிருந்து விடியலிற் படகேறி, குறிகட்டுவானில் இறங்கி, பேருந்து மாறி, பலாலியின் வெயிலில் வந்து அமர்ந்திருக்கும் பயணிக்கு இன்னுமொரு காத்திருப்பு சுமையாகவே தோன்றும். கடல் அடங்கும்வரை துறையிற் காத்திருந்ததை அவர் இழப்பாகக் கருதியிருக்கமாட்டார். அங்கே காத்திருப்பின் காரணம் கண்முன்னே அலையாக எழுந்தது. பொறியின் சூடோ கண்ணுக்குப் புலனாவதில்லை. புலனாகாத அவ்விடரை அறிந்து, பிறர் முணுமுணுப்பைத் தாங்கி, ஆறுமட்டும் பொறுத்திருப்பவரின் கடமையுணர்வே தீவகத்தையும் உலகையும் இணைக்கும் நெடுந்தொடரின் இறுதிக் கண்ணியை அறாது காக்கின்றது.